நாலு நொடிக் கறுப்பு ராணி

ஜிப் மாற்றவும், பேன்ட் நீளம் குறைக்கவும், இடுப்பைக் கொஞ்சம் தளர்த்தி வாங்கவும் வருகிறவர்கள் யாரும் தையல்காரம்மா வீட்டுக்குக் காரில் வருவதில்லை. அதனால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சந்துக்குள் நீளமான வெள்ளைக் கார் ஒன்று திணறிக்கொண்டு நுழைந்து அவள் வாசலில் நின்றபோது, எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. பக்கத்து வீட்டுக் குழாய் மூடிக்கொண்டது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அவளுடைய நாத்தனார், "யாரோ வழி தெரியாம வந்துட்டாங்க பாரு. போய்ச் சொல்லியனுப்பு" என்றாள்.

வழி தெரியாமல் வரவில்லை. இறங்கியவன் சின்ன முதலாளி. 'சின்ன' என்பது வயதைப் பார்த்து வைத்ததில்லை. அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறாரே, அதற்காக. இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு தையல்காரம்மா வேலை பார்த்த கார்ட்டூன் படக் கம்பெனி இவன் அப்பாவுடையது. அன்றைக்கு இவன் அரைக்கால் சட்டையோடு கம்பெனிக் கூடத்தில் சைக்கிள் விட்டு, தரையில் காயவைத்திருந்த படங்கள் மேல் சக்கரம் ஏற்றுவான். இன்றைக்கு வாசனை முதலில் வந்து, ஆள் பிறகு வருகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

"அம்மா, என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன? உன் சைக்கிள் தடத்தைத் துடைச்சிட்டு நாலு தேவருக்கு மறுபடி மூஞ்சி போட்டவ நான்தானே. உட்காரு."

அந்தக் கம்பெனியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே வாய் கசக்கிறது.

டயர் கடைக்கு மேல்மாடியில் நீளமான ஒரு கூடம். மூன்று வரிசை மேஜை. நாற்பது பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் விரல்நுனி வெட்டிய வெள்ளைப் பருத்தி உறை. கண்ணாடி மாதிரி தெரிகிற மெல்லிய தாளில், முன்பக்கம் கறுப்புக் கோட்டில் உருவம் வரைந்து வரும். தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் கோடு தாண்டாமல் நிறம் நிரப்ப வேண்டும். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று கட்டோடு ஒரு சீட்டு வரும். சீட்டில் நிறத்தின் பேர் இருக்காது, டப்பா நம்பர்தான் இருக்கும்.

எடுத்த படம் ஒரு புராணச் சண்டைப் படம். தேவர்கள் ஒரு பக்கம், அரக்கர்கள் ஒரு பக்கம், நடுவில் வாள் பிடித்த ஒரு ராணி. பன்னிரண்டாம் நம்பர் டப்பா ரோஜா கலந்த சந்தன நிறம். தேவர்கள், ராணி, ராணியின் அம்மா, வாசலில் நிற்கிற காவல்காரன் வரைக்கும் நல்லவர்கள் அத்தனை பேருக்கும் அதுதான். நாற்பத்தேழாம் நம்பர் காய்ந்த சேற்று நிறம். அது அரக்கர்களுக்கு.

இதையெல்லாம் தீர்மானித்தவர் டைரக்டர். பெரிய கலைஞர் என்று பேர். அரக்கர் முகங்களுக்காக ஒரு வாரம் காய்கறிச் சந்தைக்குப் போனார். மூட்டை தூக்குகிற ஆட்களை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டார். அவர்கள் மூக்கு, உதடு, சுருட்டை முடி எதையும் விடவில்லை. கம்பெனிக்குத் திரும்பி வந்து அந்த முகங்களுக்குக் கொம்பு வைத்தார். அவ்வளவுதான் அவருடைய கற்பனை. உழைத்துச் சாப்பிட்டவனுக்கு அவர் கொடுத்த மரியாதை இரண்டு கொம்பு.

இன்னும் கேளுங்கள். சூழ்ச்சிக்கார மந்திரிக்குக் கூன். சமையல்காரன் குண்டு, அவன் விழுவதற்காகவே படத்தில் வந்தான், ஒன்பது தடவை விழுந்தான். கடல் கடந்து வந்த வியாபாரிக்குக் கண்ணுக்குப் பதில் இரண்டு கோடு, பேச்சுக்குப் பதில் மழலை. மொத்தப் படத்தில் பெண்கள் மூன்று பேர். அழுகிற அம்மா, சிரிக்கிற ராணி, கத்துகிற அரக்கி. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் நல்லவனா கெட்டவனா என்று மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரிந்துவிட வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். தெரிந்தது. படம் பார்த்துவிட்டு வந்த குழந்தைகள் தெருவில் யாரைப் பார்த்து அலறி ஓடினார்கள் என்பதும் தெரிந்தது.

தையல்காரம்மா அந்த மேஜைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. கல்யாணமாகி எட்டு மாதம். சேர்ந்த நாலாவது நாள், டைரக்டர் நாற்பத்தேழாம் நம்பரின் நிறச் சீட்டை எடுத்து வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாருங்கடி! நான் சந்தையெல்லாம் சுத்துனேன். சாம்பிள் நம்ம டேபிள்லயே இருக்கு!"

நாற்பது பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேலை புதுசு.

இரண்டு வருஷம் ஓடியது. கடைசி மாதத்தில் அவள் மேஜைக்கு ஒரு கட்டு வந்தது. நாற்பத்தெட்டுத் தாள், திரையில் ஓடினால் நாலு நொடி. அரக்கர் கவசம் போட்ட ஒரு பெண், கோட்டைச் சுவரிலிருந்து வாளோடு பாய்கிறாள். வாய் அகலத் திறந்திருக்கிறது. பல் தெரிகிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது.

அவள் சீட்டைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய் நாற்பத்தேழாம் டப்பாவை எடுத்தது. கோபம் வந்து வாயைத் திறக்கிற பெண் அந்தப் படத்தில் அரக்கி ஒருத்திதானே! இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பத்தெட்டுக்கும் நிறம் போட்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. ஒரு கோடு தாண்டவில்லை.

ஆனால் அது அரக்கி இல்லை. ராணி. அரக்கர் கவசத்தில் மாறுவேஷம் போட்டுக் கோட்டைக்குள் நுழைந்திருக்கிறாள். அந்த ஒரே காட்சியில் அவளுக்குக் கோபம் வருகிறது. சீட்டில் பன்னிரண்டு என்றுதான் எழுதியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், சரிபார்க்கிற அம்மா அந்தக் கட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். கேமராக்காரர் படம் பிடித்தார். ஒட்டுகிறவர் ஒட்டினார். ஒருத்தருக்கும் தப்பாகத் தெரியவில்லை. எல்லோர் கண்ணுக்கும் அவள் அரக்கிதான். முழுப் படத்தையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்த அன்றுதான் டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். திரும்ப எடுக்க நாளில்லை. தியேட்டரெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. படம் அப்படியே போனது. அவர் அவளை அழைத்து, நாற்பது பேர் முன்னால் நிற்கவைத்து, "என் ராணி மூஞ்சியில கரியப் பூசிட்டியே" என்று கத்தினார். பிறகு படத்தின் முடிவில் ஓடுகிற பேர்ப் பட்டியலை வாங்கி, பென்சிலை எடுத்து, அவள் பேரை மட்டும் அடித்தார். முப்பத்தொன்பது பேர் மிஞ்சியது.

அது அவளுக்குத் தெரியாது. முதல் வாரமே புருஷன் வீட்டு ஆட்கள் பதினோரு பேரைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். "கடைசியில என் பேர் வரும், யாரும் எழுந்திரிக்காதீங்க" என்று இடைவேளையிலேயே சொல்லிவைத்தாள். பட்டியல் ஓடியது. டீ வாங்கிக் கொடுத்தவர் பேர் வந்தது. டயர் கடைக்காரருக்கு நன்றி வந்தது. விளக்குப் போட்டார்கள். அவள் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அங்க பெருக்குற வேலைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க என்ன வேண்டாம்னா சொல்லப்போறோம்? அதுவும் வேலைதானே!"

இருபத்தாறு வருஷம். வீட்டில் விசேஷமோ சண்டையோ, சுற்றிவந்து பேச்சு நிற்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும். "இவ படம் போட்டவளாச்சே" என்று நாத்தனார் ஒரு இழுப்பு இழுப்பாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த புருஷன் நல்லவர்; "விடுக்கா" என்பார். அதோடு அவர் வீரம் முடிந்தது. உள்ளுக்குள் அவருக்கே சந்தேகம் இருந்ததோ என்னவோ. அதை நினைத்து அவள் தையல் மெஷின் மேல் தலை சாய்த்து அழுத பகல்கள் உண்டு.

இப்போது சின்ன முதலாளி வந்து உட்கார்ந்து, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பாய்கிற ராணி. கறுப்பு ராணி.

"உலகம் பூரா சுத்துதும்மா இது. இருபத்தாறு வருஷம் முன்னாடியே ஒரு கறுப்பு ஹீரோயின், அதுவும் கோபப்படுற ஹீரோயின்! பசங்க கொண்டாடுறாங்க. படத்தைச் சுத்தம் பண்ணி மறுபடி ரிலீஸ் பண்றோம்."

"அது நான் டப்பா மாத்தி எடுத்ததுப்பா."

"அதான்மா... அதை அப்படிச் சொல்ல வேண்டாம்." அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "டைரக்டர் சார் பேட்டி குடுத்துட்டார். அவர்தான் யோசிச்சு அந்த நிறம் போடச் சொன்னாராம். கோபத்துல ராணி மண்ணோட நிறமா மாறுறாளாம். ஒருத்தன் விடாம கேக்கறான், அப்போ மீதி ஒன்றரை மணி நேரம் ஏன் வெளுப்புன்னு. நீங்க மேடையில வந்து ஒரே வரி சொல்லணும். 'சார் சொன்னார், நான் போட்டேன்.' அவ்வளவுதான். புதுப் பிரதியில உங்க பேரு வரும். தனியா. முழுத் திரையில."

பட்டாணி உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"முழுத் திரையிலயா?" என்றாள் நாத்தனார்.

தையல்காரம்மாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேண்டும் என்றிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், மூட்டு வலியோடு, ஊரான் பேன்ட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு, தன் பேரை ஒரு தடவை பெரிசாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கக் கூடாதா? "வர்றேன்" என்றாள்.

சாயங்காலம், வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து மகள் வந்ததும் விஷயம் கேட்டுக் குதித்தாள். அந்தப் படத்தை அவளும் போன மாதமே பார்த்திருக்கிறாள், தோழிகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள், போட்டது தன் அம்மா என்று தெரியாமல்.

"அம்மா! நீ வேணும்னேதானே பண்ணின? அந்த ஆளைப் பழிவாங்க?"

"இல்லடி. அரக்கின்னு நினைச்சேன்."

மகளின் முகம் வாடியது. "இதை வெளிய சொல்லாதே. எதிர்த்து நின்னேன்னாவது சொல்லு."

"அந்தாளு தான் யோசிச்சதா சொல்லச் சொல்றான். நீ நான் எதிர்த்ததா சொல்லச் சொல்ற. நடந்ததைச் சொல்ல ஒருத்தரும் கேக்கல பாரு."

ஞாயிற்றுக்கிழமை விழா. பெரிய அரங்கம், முந்நூறு பேர். முன்வரிசையில் நாத்தனார், தன் ஆட்கள் ஆறு பேரோடு, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத உடுப்பில். ஓரத்தில் புருஷன். அவர் மடியில் மகளின் கைப்பை.

டைரக்டருக்கு எழுபத்திரண்டு. முடிக்கு மை, வார்த்தைக்குத் தேன். இருபது நிமிஷம் பேசினார். நிறங்களுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்றார். எல்லா முகங்களுக்கும் திரையில் இடம் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே துடித்தாராம். துடித்தவர் சந்தை ஆட்களுக்குக் கொம்பு வைத்த கதையை மட்டும் மறந்துவிட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். பாவம், அவர்கள் அந்த நாலு நொடியை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அந்த மனுஷன். கண்ணில் தண்ணீர் இருந்ததா என்று பார்க்க மேடைக்குக் கீழே இருந்த யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

பிறகு அவளை அழைத்தார்கள். அவள் படியேறி வந்து பக்கத்தில் நின்றதும், டைரக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் உயரத் தூக்கினார்.

"இதோ! இந்த நிறம்! இந்தப் பொண்ணு கையைப் பார்த்துதான் எனக்கு அந்த எண்ணமே வந்தது. இது தாய்மையோட நிறம்! மண்ணோட நிறம்!"

அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

அதே கை, அதே பிடி, அதே இடம். அன்றைக்குச் சிரித்த நாற்பது பேரில் தானும் ஒருத்தி. கையை உருவிக்கொண்டாள். ஒலிபெருக்கியை அவளே எடுத்தாள்.

"சார் சொல்லல" என்றாள்.

சின்ன முதலாளி ஓரத்தில் நின்று கண்ணால் கெஞ்சினான்.

"யாரும் சொல்லல. நானும் யோசிச்சுப் போடல. அது தப்பு. வாயைத் திறந்து கத்துற பொம்பளையா வரைஞ்சு குடுத்திருந்தாங்க. அரக்கின்னு நினைச்சு அரக்கி நிறத்தைப் போட்டுட்டேன். பார்த்துச் சரின்னு கையெழுத்துப் போட்டவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க. படம் பிடிச்சவரும் அப்படித்தான் நினைச்சாரு. அந்தப் படத்துல கறுப்பா ஒரு நல்லவ வரணும்னா அது தப்பாத்தான் வர முடியும். தப்பித் தவறி வந்தா. நாலு நொடி. அதுக்குக் கை தட்டாதீங்க."

அவள் அத்தோடு இறங்கிவிடத்தான் இருந்தாள். ஆனால் டைரக்டருக்குப் பொறுக்கவில்லை. கலைஞர் அல்லவா! ஒலிபெருக்கியை அவள் கையிலிருந்து பிடுங்கினார். தேனெல்லாம் ஒரு நொடியில் வடிந்துவிட்டது.

"நன்றி கெட்டவளே! அன்னைக்கும் என் படத்தைக் கெடுத்த, இன்னைக்கும் கெடுக்குற! சீட்டுல பன்னிரண்டுன்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்துச்சு. கண்ணு எங்க போச்சு உனக்கு? நாப்பத்தெட்டு படம்! நாப்பத்தெட்டையும் ஒண்ணு விடாம நீதானே நாசம் பண்ணின? உன் பேரை வெட்டினேனே, அது போதாது. அன்னைக்கே வேலையை விட்டுத் துரத்தியிருக்கணும்!"

முந்நூறு பேரும் கேட்டார்கள். அவர் வாயாலேயே, அவர் கையிலிருந்த ஒலிபெருக்கியிலேயே. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைப்பதற்குள் சின்ன முதலாளி ஓடிப்போய்ப் பாட்டைப் போடச் சொன்னான். படத்தின் வெற்றிப் பாட்டு முழங்கியது. அந்த முழக்கத்துக்கு நடுவில் டைரக்டர் வாயசைத்துக்கொண்டே இருந்தது பார்க்க ஒன்பது தடவை விழுந்த அந்தச் சமையல்காரனைவிடச் சிரிப்பாக இருந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். மகள் அழுதிருந்தாள், "பேரு போச்சேம்மா" என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள். தையல்காரம்மாவுக்கும் கண் நிறைந்தது. போனது போனதுதான். முழுத் திரையில், தனியாக. இனி வராது.

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். ஆறு பேர் முன்னால் அவள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லத்தான் வாய் வரவில்லை. பஸ் தூரத்தில் திரும்பியதும் மளமளவென்று சொல்லிமுடித்தாள்.

"பெருக்குறவளைப் பார்த்து எவனும் அவ்வளவு கத்த மாட்டான். நாப்பத்தெட்டுன்னு எண்ணிக்கை வேற சொல்றான், கிழவன்." பிறகு தம்பியைப் பார்த்து, "என்னடா முழிக்கிற? அவ பையைப் பிடி. நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும்" என்றாள்.

புருஷன் பையைப் பிடித்தார். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த ஆளு இப்படிப்பட்டவன்னு நீ சொல்லவே இல்லையே" என்றார். இருபத்தாறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள் அதற்கு என்ன பதில் சொல்வாள்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். இந்த முறை அவர் "விடு" என்று சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் படம் வந்தது. அவள் போகவில்லை, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற சமயம், நிமிர நேரமில்லை. மகள் போய்வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"பேரு இல்லம்மா. அதுகூடப் பரவாயில்ல. அந்த நாலு நொடியையும் மாத்திட்டாங்க. ராணி இப்ப முழுக்க வெளுப்பு. கம்ப்யூட்டர்ல பண்ணிட்டாங்களாம். இவ்வளவு பேசினாங்களே, கடைசியில இதான்!"

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். "என்ன நிறம் போட்டிருக்கான்?"

"அதே பழைய ரோஸ்தான்."

"கோட்டைக்குள்ள, தீப்பந்த வெளிச்சத்துலயா?"

"ஆமா."

"பின்னாடி சுவர் கறுப்பு, கவசம் கறுப்பு. அதுல போய்ப் பன்னிரண்டை அப்படியே வச்சா மூஞ்சி மட்டும் தனியா மிதக்குமே?"

மகள் யோசித்தாள். "ஆமாம்மா. மிதந்துச்சு. முகமூடி ஒட்டின மாதிரி இருந்துச்சு. தியேட்டர்ல பசங்க சிரிச்சாங்க."

"அவ்வளவு பெரிய மெஷின் வச்சிருந்தும் ஒரு நிழல் நிறம் கலக்கத் தெரியல." அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். "தப்பைத் திருத்தத் தெரியாதவன் எதுக்குத் தொடணும்? போ, கை கழுவிட்டு வந்து இந்தக் காலருக்குக் குண்டூசி குத்து."